வெகுமதி தரும் வலைப்பதிவுத் தளத்தில் புதியவரா? ஊக்கம் குறையாமல் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

ஹைவ், ஸ்டீமிட் போன்ற தளங்களில் புதிதாகச் சேர்ந்து சில வாரங்களில் காணாமல் போகிறவர்களில், எழுத வராததால் போனவர்கள் குறைவு. நன்றாக எழுதுகிறவர்கள்தான் சீக்கிரம் மனம் தளர்ந்துபோகிறார்கள். மாலை முழுக்க உட்கார்ந்து எழுதி, படங்களைத் தேர்ந்தெடுத்து, மூன்று முறை திருத்தி வெளியிட்ட கட்டுரைக்குக் கீழே, வெகுமதியாக 0.03 டாலர் என்று ஓர் எண் நிற்கிறது. அதே நாளில் வேறொருவர் போட்ட நான்கு வரிப் பதிவுக்குக் கீழே பெரிய தொகை நிற்கிறது. தன் எழுத்துக்கு யாரோ மதிப்பெண் போட்டுவிட்டதாக மனம் அதை எடுத்துக்கொள்கிறது. அடுத்த கட்டுரையைத் தொடங்கவே கை வருவதில்லை.

அந்த எண் எப்படி உருவாகிறது என்பது தெரியாதவரை அது வலிக்கத்தான் செய்யும். அதனால் ஊக்கத்தைப் பற்றிய இந்த வழிகாட்டியைக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் படி: பதிவுக்குக் கீழே நிற்கும் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஸ்டீம் என்ற பிளாக்செயின், அதாவது பல கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும் பொதுப் பதிவேடு, 2016 மார்ச்சில் தொடங்கியது. அதன் மேல் இயங்கும் வலைப்பதிவுத் தளம்தான் ஸ்டீமிட். 2020 மார்ச் 20 அன்று அதிலிருந்து ஒரு பெரும் கூட்டம் பிரிந்து ஹைவ் என்ற தனி பிளாக்செயினை உருவாக்கியது. இரண்டின் அடிப்படை ஏற்பாடும் ஒன்றுதான். கீழே உள்ள கணக்குகளை ஹைவை வைத்துச் சொல்கிறேன்.

அன்றாடம் புதிதாக டோக்கன்கள், அதாவது சந்தையில் விற்கவும் வாங்கவும் கூடிய டிஜிட்டல் நாணயங்கள், உருவாகின்றன. அவற்றில் 65 சதவீதம் எழுதுகிறவர்களுக்கும் வாக்களிக்கிறவர்களுக்குமான பொதுத் தொகுப்புக்குப் போகிறது. அந்தத் தொகுப்பில் உங்கள் பதிவுக்கு எவ்வளவு பங்கு என்பதை வாக்குகள் முடிவு செய்கின்றன. ஆனால் எல்லா வாக்கும் சமமல்ல. வாக்களிப்பவர் தன் கணக்கில் பூட்டி வைத்திருக்கும் டோக்கன்களின் அளவுதான் அவருடைய வாக்கின் கனம். இப்படிப் பூட்டி வைத்த டோக்கன்களை ஹைவ் பவர் என்கிறார்கள். புதியவர்கள் ஐம்பது பேர் மனமாரப் படித்து வாக்களித்தாலும் எண் அசையாமல் இருக்கலாம். பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த ஒருவர் வந்து ஒரே ஒரு வாக்குப் போட்டால் எண் துள்ளும்.

இன்னொன்றும் உண்டு. பெரிய கணக்குகள் பலவற்றில் தானியங்கி வாக்குகள் அமைக்கப்பட்டிருக்கும். குறிப்பிட்ட ஓர் எழுத்தாளர் எதை வெளியிட்டாலும் அவை தாமாகப் போய் விழும். அந்த நான்கு வரிப் பதிவுக்குப் பெரிய தொகை வந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அந்த எழுத்தாளர் முன்பு பல ஆண்டுகள் உழைத்துச் சம்பாதித்த நம்பிக்கை அது. அவர் அன்றைக்கு எழுதியதையும் நீங்கள் அன்றைக்கு எழுதியதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதால் எதுவும் தெரியவராது.

இனி, எண்ணை உடைத்துப் பார்ப்போம். பதிவுக்குக் கீழே 1.00 டாலர் என்று காட்டினால், அதில் ஏறத்தாழப் பாதி வாக்களித்தவர்களுக்குப் போகிறது. ஸ்டீமில் 2019 ஆகஸ்டில் வந்த மாற்றம் இது. ஹைவ் அதை அப்படியே தொடர்கிறது. மீதி 0.50 உங்களுடையது. இயல்பான அமைப்பில் அதில் பாதி எச்பிடி என்ற டோக்கனாக வரும். அதன் விலை ஓர் அமெரிக்க டாலரை ஒட்டி நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது. மறுபாதி ஹைவ் பவராக வரும். ஹைவ் பவரை உடனே எடுத்து விற்க முடியாது; வெளியே எடுக்கத் தொடங்கினால் 13 வாரங்களில் தவணை தவணையாகக் கிடைக்கும். ஆக, ஒரு டாலர் என்று காட்டிய பதிவிலிருந்து உடனே கையில் கிடைப்பது கால் டாலர். இதை முதல் நாளே தெரிந்து வைத்துக்கொண்டவர் ஏமாறுவதில்லை. மூன்றாவது வாரத்தில் தெரிந்துகொள்கிறவர் தன்னை யாரோ ஏய்த்துவிட்டதாக நினைக்கிறார்.

பதிவு வெளியான நாளிலிருந்து 7 நாட்கள் வரைதான் வெகுமதிக் கணக்கு ஓடும். எட்டாம் நாள் யாராவது தேடி வந்து படித்து நெகிழ்ந்தாலும் அந்த வாக்குக்குப் பணம் இல்லை. மொத்தம் 0.02 டாலருக்குக் கீழே நின்றால் தொகையே வழங்கப்படாது. டோக்கனின் சந்தை விலை இறங்கினால், அதே வாக்குகள் விழுந்தும் எண் சிறுத்துத் தெரியும். உங்கள் எழுத்து மாறியிருக்காது, சந்தைதான் மாறியிருக்கும்.

இவ்வளவையும் சேர்த்துப் பாருங்கள். அந்த ஏழு நாட்களில், கனமான கணக்கு வைத்திருக்கும் யார் கண்ணில் உங்கள் பதிவு பட்டது, அப்போது டோக்கன் என்ன விலைக்குப் போனது என்பதைத்தான் அந்த எண் முதன்மையாகச் சொல்கிறது. கட்டுரையின் தரத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் புதியவரைப் பொறுத்தவரை அது மிகச் சிறிய பங்கு.

இரண்டாம் படி: சாவிகளைப் பத்திரப்படுத்துங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். இந்தத் தளங்களில் கணக்கோடு பல சாவிகள், அதாவது கடவுச்சொல் போன்ற நீண்ட எழுத்துத் தொடர்கள், வரும். அன்றாடம் பதிவிடவும் வாக்களிக்கவும் போஸ்டிங் சாவி மட்டும் போதும். பணம் நகர்த்த ஆக்டிவ் சாவி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலானது ஓனர் சாவி. அதையும் முதன்மைக் கடவுச்சொல்லையும் தாளில் எழுதி இரண்டு இடங்களில் வையுங்கள். மற்ற தளங்களைப் போல் கடவுச்சொல் மறந்துவிட்டது என்று மின்னஞ்சல் அனுப்பி வாங்கிக்கொள்ள இங்கே வழியில்லை. மாதக்கணக்கில் எழுதிய கணக்கு கைவிட்டுப் போனால், அதன் பிறகு ஊக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கே ஒன்றும் இருக்காது.

கூடவே ஆர்சி (ரிசோர்ஸ் கிரெடிட்) என்ற ஒன்றைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவும் பின்னூட்டமும் உங்கள் கணக்கின் ஆர்சியைக் கொஞ்சம் செலவழிக்கும். முழுவதும் தீர்ந்தால் நிரம்ப 5 நாட்கள் ஆகும். புதிய கணக்கில் அது குறைவாகவே இருக்கும். உற்சாகமாகப் பின்னூட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று தளம் மறுத்தால், தடை செய்துவிட்டார்களோ என்று பயப்பட வேண்டாம். சற்றுப் பொறுத்தால் திரும்ப வந்துவிடும்.

மூன்றாம் படி: அறிமுகப் பதிவை அவசரப்படாமல் எழுதுங்கள்

புதியவர்களை வரவேற்பதற்கென்றே பழைய பதிவர்கள் பலர் அறிமுகப் பதிவுகளைத் தேடிப் படிக்கிறார்கள். உங்கள் எழுத்துக்கு முதல் மாதத்தில் கிடைக்கும் மிகப் பெரிய கவனம் அநேகமாக அந்த ஒரு பதிவுக்குத்தான். அதைப் பலரும் வீணடிக்கிறார்கள்.

‘வணக்கம், நான் இந்தத் தளத்துக்குப் புதியவன். எனக்குப் பயணம், இசை, வாசிப்பு ஆகியவற்றில் ஆர்வம் உண்டு. அனைவரும் ஆதரவு தாருங்கள்.’ இந்த அறிமுகத்தைப் படித்தவருக்கு வரவேற்பு சொல்லிவிட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை. கேட்பதற்கு ஒரு கேள்விகூட அதில் இல்லை.

பழைய கைக்கடிகாரங்களைப் பழுது பார்ப்பதில் ஈடுபாடு உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் இப்படி எழுதலாம்: ‘ஓடாத சாவிக் கடிகாரம் ஒன்று என் மேசையில் திறந்து கிடக்கிறது. சுருள்வில் நன்றாக இருக்கிறது. எண்ணெய் காய்ந்து கெட்டியானதுதான் பிரச்சினை என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் பிரித்துக் கழுவப்போகிறேன். ஒவ்வொரு கட்டத்தையும் படத்துடன் இங்கே எழுதுவேன்.’ இதைப் படித்தவர் ஓடியதா என்று கேட்கத் திரும்பி வருவார். எழுதியவருக்கும் அடுத்த வாரம் எழுதியே ஆக வேண்டிய காரணம் கிடைத்துவிடுகிறது. காத்திருக்கும் ஓர் ஆள் இருப்பதைவிடப் பெரிய ஊக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

உங்கள் துறை எதுவாக இருந்தாலும், முடிவடையாத ஒரு காரியத்தை அறிமுகத்தில் வையுங்கள்.

நான்காம் படி: எழுதும் நேரத்தில் பாதியைப் பின்னூட்டத்துக்குக் கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும்தான் பின்பற்ற முடியும் என்றால், இதைப் பின்பற்றுங்கள். முதல் இரண்டு மாதங்களில் உங்கள் பதிவுகள் உங்களுக்கு வாசகர்களைக் கொண்டுவருவது கடினம். உங்களைப் பின்தொடர்வோர் அப்போது மிகக் குறைவு; பதிவு வெளியாகிச் சில நிமிடங்களில் புதிய பதிவுகளுக்கு அடியில் போய்விடும். மற்றவர் பதிவுக்குக் கீழே நீங்கள் எழுதும் பின்னூட்டமோ, ஏற்கெனவே கூடியிருக்கும் வாசகர்கள் முன்னால் நிற்கிறது.

‘அருமையான பதிவு, தொடர்ந்து எழுதுங்கள்’ என்பது பின்னூட்டம் ஆகாது. வாக்கு வேட்டைக்காக அதையே நூறு இடங்களில் ஒட்டிச் செல்கிறவர்கள் அதிகம் என்பதால், உண்மையாகவே பாராட்டி எழுதினாலும் அதே கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். ஒருவர் வீட்டில் ரொட்டி சுடுவதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘மாவு இரவு முழுக்க ஊறியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தீர்களா, வெளியிலா? நான் வெளியில் வைத்தபோது புளிப்பு அதிகமாகிவிட்டது’ என்று எழுதினால், பதிவைப் படித்திருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. எழுதியவருக்குப் பதில் சொல்ல ஒரு விஷயம் கிடைக்கிறது. அடுத்து வருகிறவருக்கும் ஒரு தகவல் கிடைக்கிறது. பதில் வந்ததும் நீங்களும் ஒரு வரி திரும்ப எழுதுங்கள். உரையாடல் இரண்டு மூன்று சுற்றுப் போனால் அந்த மனிதர் உங்கள் பெயரை மறக்க மாட்டார்.

பின்னூட்டங்களுக்கும் வாக்கு விழும், வெகுமதியும் உண்டு என்பது பல புதியவர்களுக்குத் தெரியாது. ஆனால் அதற்காகச் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு நான்கைந்து பதிவுகளைக் கடைசி வரை படித்து, ஒவ்வொன்றுக்கும் மனதில் பட்டதை எழுதுங்கள். பெரிய கணக்குகளின் வாசலில் மட்டும் நிற்காதீர்கள். உங்களோடு அதே வாரத்தில் சேர்ந்தவர்களைத் தேடிப் படியுங்கள். ஒரே காலத்தில் தொடங்கியவர்களுக்கிடையே உருவாகும் நட்பு உறுதியானது. உங்கள் பதிவுக்கு யாரும் வராத நாளிலும் அவர்கள் வருவார்கள்.

உங்கள் பதிவுக்கு வரும் ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் பதில் எழுதுங்கள், ஒரு வாரம் கழித்து வந்தாலும் சரி. பதில் எழுதாத பதிவரிடம் வாசகர் இரண்டாம் முறை பேசுவதில்லை.

ஐந்தாம் படி: உங்களால் தாங்க முடிந்த வேகத்தை முடிவு செய்யுங்கள்

முதல் வாரத்தில் தினம் இரண்டு பதிவு, இரண்டாம் வாரத்தில் ஒன்று, நான்காம் வாரத்தில் ஒன்றுமில்லை. புதியவர்களின் வழக்கமான பாதை இது. அடிக்கடி எழுதினால் எண் ஏறும் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறார்கள். எழுத வைத்திருந்ததெல்லாம் தீர்ந்துபோகிறது.

வாரத்துக்கு இரண்டு நல்ல பதிவுகள் போதும் என்பது என் உறுதியான கருத்து. சிலருக்கு ஒன்றே போதும். நாளையும் நேரத்தையும் நிலையாக வையுங்கள். முதல் பதிவை வெளியிடுவதற்கு முன்பே மூன்று கட்டுரைகளை எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உடல்நிலை சரியில்லாத வாரமும் வேலை நெருக்கும் வாரமும் கட்டாயம் வரும். அப்போது அந்தக் கையிருப்பு உங்களைக் காப்பாற்றும். தொடர் அறுந்துவிட்டது என்ற குற்ற உணர்ச்சிதான் பலரைத் திரும்பி வராமல் தடுக்கிறது.

எதை எழுதுவது என்பதில் ஒரு வார்த்தை. அந்தத் தளத்தில் கிரிப்டோ பற்றிய பதிவுகளுக்கு நல்ல தொகை விழுவதைப் பார்த்துவிட்டு, அதில் துளியும் நாட்டமில்லாதவர்கள்கூட அதையே எழுதத் தொடங்குகிறார்கள். வேண்டாம். பிடிக்காத விஷயத்தைக் குறைந்த தொகைக்கு எழுதுவது இரட்டைச் சுமை. கடிகாரம் தெரிந்தவர் கடிகாரத்தையே எழுதட்டும். அதை எழுதுகிறவர்கள் அங்கே குறைவு என்பதாலேயே அவரை நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

ஆறாம் படி: ஒரு குழுவில் இடம்பிடியுங்கள்

இந்தத் தளங்களில் பொருள்வாரியாகக் குழுக்கள் உண்டு: புகைப்படம், தோட்டம், புனைகதை, கணிதம், மொழிவாரிக் குழுக்கள். உங்கள் சொந்தப் பக்கத்தில் மட்டும் வெளியிடுவதைவிடப் பொருத்தமான குழுவில் வெளியிட்டால், அந்தப் பொருளைத் தேடி வந்தவர்கள் கண்ணில் படும். தாமே வாசித்து, கவனிக்கப்படாத நல்ல பதிவுகளுக்கு வாக்களிக்கும் தொகுப்பாளர்கள் பலர் இந்தக் குழுக்களில்தான் உலவுகிறார்கள். சேருவதற்கு முன் குழுவின் விதிகளைப் படியுங்கள். சில குழுக்கள் குறைந்தபட்ச நீளம் கேட்கும். சில, படங்கள் உங்களுடையவையாகவே இருக்க வேண்டும் என்று கேட்கும்.

மொழி பற்றிப் பலரும் தயங்குகிறார்கள். தமிழில் எழுதினால் வாசகர் குறைவு, ஆங்கிலத்தில் எழுதினால் மனம் ஒட்டவில்லை. இருமொழிப் பதிவு இந்தத் தளங்களில் சாதாரணமாகப் புழங்கும் வழக்கம். முதலில் தமிழில் முழுமையாக எழுதி, அடியில் ஆங்கிலத்தில் ஒரு சுருக்கத்தைக் கொடுக்கலாம். சுருக்கத்தையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

ஏழாம் படி: உங்கள் வாக்கையும் பொறுப்போடு செலவிடுங்கள்

முழுக் கனத்துடன் போடும் ஒரு வாக்கு, உங்கள் வாக்குச் சக்தியில் ஏறத்தாழ 2 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு நாளில் 20 சதவீதம் திரும்ப நிரம்பும். எனவே தினம் பத்து முழு வாக்குகள் என்பது நல்ல அளவு. உங்கள் வாக்கால் மற்றவர் எண் அசையாமல் இருக்கலாம். ஆனாலும் யார் படித்து வாக்களித்தார்கள் என்று அவர் பட்டியலைப் பார்ப்பார். நீங்களும் பார்ப்பீர்கள் அல்லவா?

‘நான் உனக்கு, நீ எனக்கு’ என்ற ஒப்பந்தங்களில் சேர வேண்டாம். சில நாட்களுக்கு எண் சற்று ஏறும். யாரும் யாரையும் படிக்காத ஒரு வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட பிறகு எழுதும் ஆசையே வறண்டுவிடும்.

எட்டாம் படி: எதிர் வாக்கையும் மௌனத்தையும் எதிர்கொள்ள முன்பே தயாராகுங்கள்

எதிர் வாக்கு விழுந்தால் வரவிருந்த தொகை குறையும். வேறெங்கோ எடுத்த எழுத்து, அனுமதியில்லாத படம், இயந்திரத்தைக் கொண்டு எழுதி வாங்கிய கட்டுரை, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் போடுவது ஆகியவை வழக்கமான காரணங்கள். முறைகேட்டைக் கண்காணிக்கும் குழுக்கள் காரணத்தைப் பெரும்பாலும் எழுதிவிட்டுப் போவார்கள். காரணம் சரியாக இருந்தால் திருத்திக்கொண்டு, நன்றி சொல்லுங்கள். தவறாக இருந்தால் அமைதியாக விளக்குங்கள். பதிலுக்கு எதிர் வாக்குப் போட்டுச் சண்டையில் இறங்கினால் இழப்பது சிறிய கணக்குதான், அதாவது நீங்கள்தான்.

மௌனம் இதைவிடக் கடினம். நல்ல பதிவுக்கு ஒரு பின்னூட்டம்கூட வராத நாள் உண்டு. அப்படிப்பட்ட நாட்களுக்காக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதில் தொகையை எழுதாதீர்கள். இந்த வாரம் பெயர் சொல்லிப் பேசிய புதியவர் யார், யாருடைய கேள்வி என்னை யோசிக்க வைத்தது, முன்பு தெரியாத எதை எழுதும்போது தெரிந்துகொண்டேன் என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கங்களைப் புரட்டினால், பணப்பையில் தெரியாத வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும்.

நற்பெயர் எண் என்று ஒன்று கணக்குக்கு அருகில் காட்டப்படும். எல்லோருக்கும் அது 25-இல் தொடங்கும். மடக்கை அளவில் கணக்கிடப்படுவதால் தொடக்கத்தில் விரைவாக ஏறி, பிறகு மெதுவாகும். ஐம்பதுகளில் அது நின்றுபோனதாகத் தோன்றினால் உங்கள் எழுத்து தேங்கிவிட்டது என்று பொருள் கொள்ள வேண்டாம். அந்த அளவுகோலின் இயல்பு அது.

மனம் மிகவும் சோர்ந்த ஒரு வாரத்தில் இதைச் செய்து பாருங்கள். பதிவை வெளியிடும் பக்கத்தில் வெகுமதி வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. உங்களுக்கு மிகவும் நெருக்கமான ஒன்றை எழுதி, அதைத் தேர்ந்தெடுத்து வெளியிடுங்கள். எண்ணே பார்க்க வேண்டியதில்லாத ஒரு பதிவை எழுதும்போது கை எப்படி ஓடுகிறது என்பதைக் கவனியுங்கள். தடையின்றி ஓடினால், உங்களை நிறுத்தி வைத்திருந்தது எண்ணின் மேலுள்ள கவலைதான். அப்போதும் ஓடவில்லை என்றால் தேவைப்படுவது ஓய்வு. இரண்டு வாரம் எழுதாமல் இருங்கள். வாசிப்பதையும் பின்னூட்டம் போடுவதையும் மட்டும் விடாதீர்கள்.

ஒன்பதாம் படி: பணத்தைப் பற்றி முன்பே ஒரு முடிவு எடுங்கள்

பணம் முக்கியமில்லை என்று சொல்ல எனக்கு மனமில்லை. உழைப்புக்குக் கூலி எதிர்பார்ப்பது நியாயம். ஆனால் வாடகைக்கோ மருந்துக்கோ இந்தத் தொகையை நம்பியிருக்க வேண்டாம். டோக்கன் விலை உங்கள் கையில் இல்லை. முதல் ஆண்டில் கிடைப்பதைப் பெரும்பாலும் ஹைவ் பவராகவே விட்டுவைப்பது நல்லது என்பேன். உங்கள் வாக்குக்குக் கனம் கூடும், ஆர்சி தட்டுப்பாடும் தீரும். கையில் பணம் வேண்டிய நிலை என்றால் எச்பிடியை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. சொந்தப் பணத்தைப் போட்டு டோக்கன் வாங்கி வாக்குக் கனத்தைக் கூட்டலாமா என்று கேட்பவர்களுக்கு, முழுவதும் இழந்தாலும் தாங்க முடிந்த தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம் என்பதே என் பதில். பணப்பைப் பக்கத்தை வாரத்தில் ஒரு நாள் மட்டும் திறந்து பாருங்கள்.

ஆறு மாதம் இப்படி எழுதிய பிறகு, அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து உட்காருங்கள். பெயர் சொல்லிப் பேசும் வாசகர்கள் பத்துப் பேராவது இருந்தால், தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடருங்கள். யாருமே இல்லை என்றால் குழுவை மாற்றிப் பாருங்கள், அல்லது தளத்தையே மாற்றிப் பாருங்கள். மீடியம் போன்ற தளங்களில் கணக்கே வேறு. அங்கே சந்தா கட்டிய வாசகர்கள் செலவிடும் வாசிப்பு நேரமும் தொகையைத் தீர்மானிக்கிறது. எங்கே போனாலும் எழுதியதெல்லாம் உங்களோடு வர வேண்டும். பிளாக்செயினில் ஏறியது அழியாது என்றாலும், ஒவ்வொரு கட்டுரையின் மூலப் பிரதியையும் படங்களோடு உங்கள் கணினியில் தேதி போட்டுச் சேமித்து வையுங்கள். வெளியிடும் அதே நாளில் அதைச் செய்துவிடுங்கள்.